பலகையில் யாரும் பார்க்காத புள்ளிகள்

செலின் கரும்பலகையில் அந்த வளைகோட்டைப் போடும் விதத்துக்கு அந்தத் தில்லிக் கல்லூரியின் வேதியியல் துறையில் நல்ல பெயர் இருந்தது. சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு, முகத்தை மாணவர்கள் பக்கம் பாதி திருப்பியபடியே, "வினை தொடங்கிவிட்டது, பொருள் தீர்ந்துகொண்டே போகிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லுவாள். சொல்லி முடிப்பதற்குள் கோடு வந்து நிற்கும். இடது மேல் மூலையிலிருந்து வேகமாக விழுந்து, பாதி வழியில் கொஞ்சம் யோசித்து, பிறகு களைத்துப்போன மாதிரி தரையை ஒட்டியே நீண்டு போகும் கோடு. நடுவில் கை எடுக்கமாட்டாள், எதையும் அழிக்கமாட்டாள். கணக்கு என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள்கூட அந்த இடத்தில் கை தட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தக் கோட்டின் முதுகில் ஒரு தொடுகோட்டைச் சாய்த்து வைத்து, "இந்தச் சாய்வுதான் வினையின் வேகம். இதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் வகையீடு என்று பெயர். பயப்பட ஒன்றுமில்லை" என்பாள். நுண்கணிதம் அவர்களுக்குள் விருந்தாளி மாதிரி வாசல் வழியாகவே நுழையும்.

அந்தக் கோட்டில் ஒரு சூட்சுமம் இருந்தது. வகுப்பு தொடங்குவதற்கு வெகு முன்பே செலின் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். வீட்டிலேயே கணக்குப் போட்டு மனதில் ஏற்றிக்கொண்டு வந்த அளவுகளின்படி, சாக்பீஸ் முனையால் தொட்டும் தொடாமலும் பலகையில் சில புள்ளிகளை வைப்பாள். முதல் பெஞ்சிலிருந்து பார்த்தால்கூட அழியாமல் நின்றுபோன பழைய தூசி மாதிரிதான் இருக்கும். கிட்டத்தில் நிற்கிறவளுக்கு மட்டும் அவை வழி காட்டும். கை ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு ஓடும். இதைக் கணவன் தானியேலிடம்கூட அவள் சொன்னதில்லை.

இந்த வருஷம் இளவரசி வந்தாள்.

கோபிச்செட்டிபாளையத்துப் பெண். ஒப்பந்த வேலை. துவாரகாவில் அண்ணன் வீட்டிலிருந்து மெட்ரோவில் வருவாள். இரண்டாம் வாரக் கூட்டத்தில் துறைத் தலைவி பாட்டியா மேடம் செலினைப் பார்த்து, "செலின், கம்ப்யூட்டர் லேபில் மெஷின்கள் எல்லாம் தூசி பிடித்துக் கிடக்கின்றன. இந்தப் பெண் ஸ்ப்ரெட்ஷீட் வைத்து நுண்கணிதம் நடத்துகிறேன் என்கிறாள். உன் கணிதப் பேப்பரில் பாதி வகுப்பை அவளுக்குக் கொடு. பாதி உன்னிடம் இருக்கட்டும்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "செமஸ்டர் முடிவில் இரண்டு பேருடைய வகுப்பையும் வந்து பார்க்கிறேன். யாருடையது நன்றாக இருக்கிறதோ, அடுத்த வருஷத்திலிருந்து பேப்பர் முழுசும் அவருக்கு. அச்சா?"

செலின் "அச்சா" என்றாள். வேறு என்ன சொல்வது? வேதியியலுக்கான கணிதம் என்ற அந்தப் பேப்பரை அவள் கேட்டு வாங்கவில்லை. யாரும் எடுக்க மாட்டேன் என்று தள்ளிவிட்டதை அவள் எடுத்து வளர்த்தாள். வருஷங்கள் போக, அதுதான் அவள் முகம் என்று ஆகிவிட்டது. பழைய மாணவர்கள் எங்கேயாவது பார்த்தால் "மேம், அந்தக் கோடு!" என்பார்கள். அவள் பெயரைக்கூட அப்புறம்தான் சொல்வார்கள்.

ஆகஸ்ட் முழுதும் அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். லேபில் ஏசி இருக்கிறது. தன் அறையில் மின்விசிறிகள்தான், அதிலும் நடுவில் இருப்பது ஓடாது. தன் பாதியைச் சேர்ந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நழுவியபோது, 'வெயிலுக்குப் போகுதுங்க, போகட்டும்' என்று நினைத்தாள். அக்டோபரில் தில்லி குளிர்ந்தது. லேபில் ஏசியை நிறுத்தினார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை.

அவர்களோடு ஸ்நேஹாவும் போனதுதான் செலினால் தாங்க முடியாததாக இருந்தது. தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், செலினோடு மட்டும் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவாள். தாழ்வாரத்தில் செலின் அவளை நிறுத்திக் கேட்டாள்.

"என்ன ஸ்நேஹா, ஆளையே காணும்?"

"மேம், நான் வந்து... அங்க போறேன் நா. இளவரசி மேம் கிளாஸ்ல."

"தெரியுது. இங்க என்ன குறைச்சல்?"

"குறைச்சல் இல்ல மேம், கசம் ஸே, சத்தியமா. உங்க கோடு பஹுத் அழகு. ஆனா அது எப்படி வருதுன்னு எனக்கு மாலும் இல்ல. அங்க நம்பர் நான் போடறேன், இழுக்கறேன், என் கண்ணு முன்னாடி கோடு வருது. நானே பண்ணினது மாதிரி."

அவள் ஓடிவிட்டாள். செலின் அங்கேயே நின்றாள். பக்கத்து லேபிலிருந்து ஒரு கூட்டுச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு அவள் எதிரியில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்ட மாதிரி வலித்தது.

இளவரசி கெட்டவளாக இருந்திருந்தால் வேலை எளிதாகியிருக்கும். அவளோ மதியத்தில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராக செலினிடம்தான் வருவாள்.

"அக்கா, அரிசிம்பருப்பு சோறுங்க. கொஞ்சம் எடுத்துக்குங்க."

"நான் சாப்டாச்சு."

"இன்னும் டப்பாவையே தொறக்கலியே நீங்க!" என்று சிரிப்பாள். மாணவர்கள் முன்னால் 'மேம்', தனியாக இருந்தால் 'அக்கா'. அந்த 'அக்கா' ஒவ்வொரு முறையும் தன்னை ஒரு படி கிழவியாக்குவதாக செலினுக்குத் தோன்றும். போதாததற்கு, ஓய்வு நேரத்தில் செலினின் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தாள். "உங்க போர்டு ஒர்க்கைப் பாக்கறதுக்குத்தானுங்க. எனக்கு நேரா ஒரு கோடு போட வராது" என்றாள். வேவு பார்க்க வருகிறாள் என்று செலின் முடிவு கட்டினாள். அன்றிலிருந்து புள்ளிகளை இன்னும் மங்கலாக வைத்தாள்.

எதிரியின் ஆயுதத்தை அறிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை அவளுக்குத் தோன்றியது. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸின் சின்ன வரவேற்பறையில் தானியேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர். ஸ்ப்ரெட்ஷீட்டில்தான் அவன் காலம் போய்க்கொண்டிருந்தது.

"எனக்கு அந்த ஷீட்ட எப்படிப் போடுததுன்னு சொல்லித் தாங்க."

"ஏட்டி, ஒங்க காலேஜ்ல லீவு கணக்க ஒன் தலையில கட்டிட்டாவளா?"

"சும்மா சொல்லித் தாங்க."

"அச்சா, கோவப்படாத. இந்தா, இந்தக் கட்டத்துல கணக்க எழுது. எழுதிட்டியா? அந்த மூலையில பொட்டு மாதிரி ஒண்ணு தெரியுதுல்லா, அதப் புடிச்சுக் கீழ இழு."

"இழுத்தா?"

"இழுத்துப் பாரேன்."

அவள் இழுத்தாள். வெறுங்கட்டங்கள் ஒவ்வொன்றாக எண்களால் நிரம்பின, யாரோ மாடிப்படியில் விளக்கு ஏற்றிக்கொண்டே இறங்கிப் போவது போல. செலினுக்கு உள்ளே ஏதோ துள்ளியது. துள்ளியதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. ஸ்நேஹா எதற்குப் போனாள் என்று அந்த ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. தெரிந்திருக்கவே வேண்டாம்.

"இதத்தான் அந்தப் பொண்ணு நடத்துதாளா?" என்றான் தானியேல்.

"எந்தப் பொண்ணு?"

"நீ குழம்பக் கிண்டும்போதெல்லாம் திட்டுதியே, அந்த இளவரசி."

"நான் யாரயும் திட்டல. நீங்க கிரிக்கெட்டப் பாருங்க."

"லேப்டாப்ப நீ வச்சிருக்க, நான் எதுல பாக்க?"

அவள் காதில் விழவில்லை. தன் வளைகோட்டையே ஷீட்டில் போட்டுப் பார்த்தாள். ஒரு நேரத்தில் பொருளின் அளவு எவ்வளவு, கொஞ்சம் கழித்து எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் 'கொஞ்ச' நேரத்தால் வகுத்தால் சாய்வு. அந்தக் 'கொஞ்ச'த்தைச் சிறிதாக்கச் சிறிதாக்க, விடை உண்மையான சாய்வை நெருங்கும். பலகையில் அவள் வாயால் சொல்வதை இங்கே எண்கள் செய்து காட்டின. முதல் வரிசையில் தள்ளாடின. அடுத்ததில் கொஞ்சம் நிதானித்தன. அப்புறம் அவள் கையால் கண்டுபிடித்து வைத்திருந்த விடையின்மேல் இலக்கம் இலக்கமாக வந்து உட்கார்ந்தன. எங்கேயாவது ஒரு குறை இருக்காதா என்று, கோபத்தில் இழுத்துக்கொண்டே போனாள். இடைவெளி இன்னும் சிறிது, இன்னும் சிறிது.

அடியில் போனதும் எண்கள் மறுபடியும் தடுமாறின. கடைசி இலக்கங்கள் பிசகின. நடு இலக்கம் பிசகியது. பிறகு ஒரு வரிசையில் வெறும் பூஜ்யம் வந்தது. அதற்கடுத்தும் பூஜ்யம், அதற்குக் கீழேயும் பூஜ்யம். வினை நின்றுவிட்ட மாதிரி.

தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே பூஜ்யம்.

காரணம் மறுநாள் தேவாலயத்தில் தெரிந்தது. தமிழ் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் முழங்கால்படியிட்டுப் பாவ அறிக்கை செய்துகொண்டிருந்த நேரம். செலின் கண்ணை மூடிக்கொண்டு சோதனைக் கூடத்துத் தராசை நினைத்தாள். ஒரு குப்பியை எடை போட்டு, அதிலிருந்து கொஞ்சம் உப்பைக் கொட்டிவிட்டு மறுபடி எடை போடுகிறோம். வித்தியாசம்தான் கொட்டிய உப்பு. முதலாண்டுப் பிள்ளைகள் செய்யும் வேலை. ஆனால் ஒரே ஒரு துகளைக் கொட்டிவிட்டு எடை போட்டால்? தராசு அதே எண்ணைத்தான் காட்டும். துகள் விழுந்தது உண்மை, தராசுக்கு அது தெரியவில்லை. கம்ப்யூட்டரும் ஒரு தராசுதான். இத்தனை இலக்கம்தான் அதன் கையில் பிடிக்கும். அதற்கு அப்பால் இரண்டு எண்ணும் அதற்கு ஒன்று. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்யம்.

அவள் முகத்தில் புன்னகை பரவியது. தானியேல் முழங்கையால் இடித்தான்.

"பாவ அறிக்கையில என்னட்டி சிரிப்பு?"

அவள் சிரிப்பை அடக்கினாள். புரிந்துகொண்ட சந்தோஷம் அதில் கொஞ்சம்தான். மீதியெல்லாம் வேறு. வகுப்பைப் பார்க்கப் பாட்டியா மேடம் வரும் நாளில், எல்லோர் முன்னாலும், 'இன்னும் கொஞ்சம் கீழே இழுங்களேன்' என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதை இளவரசியிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்ற எண்ணமும் முழங்கால் வலியோடு வலியாக வந்தது. எழுந்து நின்றதும் இரண்டும் போய்விட்டன.

நவம்பரில் அந்த நாள் வந்தது. வெளியே புகை மூட்டம், சன்னல்களை எல்லாம் அடைத்திருந்தார்கள். காலையில் செலின் தன் வகுப்பை முடித்திருந்தாள். கோடு வழக்கம்போல விழுந்தது. இருந்த சொற்பப் பேர் கை தட்டினார்கள். பாட்டியா மேடம் தலையசைத்தார், இருமினார், கிளம்பினார். பிற்பகலில் எல்லோரும் லேபில் கூடினார்கள். இடமில்லாமல் சிலர் மேசை மேலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இளவரசி வெள்ளைப் பலகையின் மேலேயே புரொஜெக்டர் ஒளி விழும்படி வைத்திருந்தாள். குரல் முதலில் நடுங்கியது. மெல்ல மெல்லச் சரியாயிற்று. பிள்ளைகள் தங்கள் தங்கள் திரையில் இடைவெளியைச் சுருக்கினார்கள். எண்கள் அடங்கி வருவதைப் பார்த்து, "ஆ கயா, ஆ கயா!" என்று, விடை வந்துவிட்டதாகக் கூவினார்கள். ஸ்நேஹா எழுந்து நின்று, சாய்வு என்றால் என்ன என்று தன் சொந்த வார்த்தையில் பாட்டியா மேடத்துக்குச் சொன்னாள். சரியாகவே சொன்னாள். பாட்டியா மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். காலையில் செலினின் அறையில் அவர் நாற்காலியை நகர்த்தவில்லை.

அதைப் பார்த்ததும் செலின் கையை உயர்த்தினாள்.

"எனக்கு ஒரு சந்தேகம்." குரலில் சர்க்கரை. "இடைவெளியைக் குறைக்கக் குறைக்க விடை திருத்தமாகிக்கொண்டே போகும் என்கிறீர்கள். அப்படியானால் இன்னும் கீழே இழுங்களேன், பார்ப்போம்."

அக்கா தனக்கு எடுத்துக்கொடுக்கிறாள் என்று இளவரசி நினைத்துவிட்டாள். முகம் மலர்ந்து, "கண்டிப்பாக மேம்" என்று இழுத்தாள். எண்கள் அசையாமல் நின்றன.

"இன்னும்."

இழுத்தாள். கடைசி இலக்கம் பிசகியது.

"இன்னும் கொஞ்சம்."

பலகையில் பூஜ்யங்கள் வரிசையாக இறங்கின. இளவரசி அழித்துவிட்டு மறுபடி இழுத்தாள். மறுபடியும் அதே.

"இது என்ன?" என்றார் பாட்டியா மேடம். "தீர்ந்துகொண்டிருக்கிற பொருளின் வேகம் பூஜ்யமா? இத்தனை நேரம் பார்த்தது சரியா, இது சரியா?"

இளவரசி திரையைப் பார்த்தாள், விசைப்பலகையைப் பார்த்தாள். "தெரியவில்லை மேம்," என்றாள் கடைசியில். "நான் இவ்வளவு தூரம் போனதே இல்லை."

மழுப்பாமல் சொன்னாள். அது செலின் எதிர்பாராதது. கணினி கெட்டுவிட்டது, கரண்ட் சரியில்லை என்று ஏதாவது சொல்லுவாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"செலின், உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்று எழுந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தது. விஷயத்தை நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இத்தனை பேர், அதுவும் தன்னை விட்டுப் போன அத்தனை பேரும், ஒரே இடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்று ஒரு தடவை காட்ட வேண்டும். மார்க்கர் பேனாவை எடுத்தாள். முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு, "வினை தொடங்கிவிட்டது," என்று தொடங்கி, கையை வீசினாள்.

பலகையில் புள்ளிகள் இல்லை என்பது பாதிக் கோட்டில்தான் அவளுக்கு நினைவு வந்தது.

கோடு எங்கோ போயிற்று. விழ வேண்டிய இடத்தில் நின்றது, நிற்க வேண்டிய இடத்தில் விழுந்தது, கடைசியில் நாய் கடித்துப் போட்ட கயிறு மாதிரி மேலே கிளம்பியது. தீர்ந்துகொண்டே போகவேண்டிய பொருள் கடைசியில் கூடிக்கொண்டிருந்தது. பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செலின் அழித்தாள். மறுபடி கையை உயர்த்தினாள். கை பலகைக்கு முன்னால் அந்தரத்திலேயே நின்றது. முதுகுக்குப் பின்னால் அத்தனை கண்களும் தன் சேலை முந்தானையில் வந்து குத்துவது போலிருந்தது.

அப்போது பலகையில் எண்கள் மறைந்தன. அந்த இடத்தில், ஒளியால் ஆன சிறிய நீலப் புள்ளிகள் தோன்றின. இடது மேல் மூலையில் தொடங்கி, வேகமாக இறங்கி, யோசித்து, தரையை ஒட்டி நீண்டன.

இளவரசியின் விரல்கள் விசைப்பலகையில் இருந்தன. அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

செலினின் கைக்குத் தெரிந்த வழி அது. ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு ஓடியது. ஒரே இழுப்பு. லேப் முழுதும் கைதட்டல். பெரிய கைதட்டல். அது யாருக்கு என்று செலினுக்குத் தெரியவில்லை.

அப்புறம் அவள் தராசைப் பற்றிச் சொன்னாள். குப்பி, உப்பு, ஒரே ஒரு துகள். "தராசு அதே எண்ணைக் காட்டினால், துகள் விழவில்லை என்று அர்த்தமா?" என்று கேட்டபோது, "இல்லை!" என்று எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள். நன்றாகத்தான் நடத்தினாள். இத்தனை வருஷத்தில் அவள் நடத்தியதிலேயே அதுதான் நல்ல வகுப்பு. அந்தப் பூஜ்யங்கள் திரையில் இல்லாமல் அதை நடத்தியிருக்கவே முடியாது என்பதும், சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்தது.

பாட்டியா மேடம் வாசலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "கருவி எதுவரைக்கும் உண்மை சொல்லும் என்று தெரியாதவர் கையில் பேப்பரைக் கொடுக்க முடியாது. செலின், அது உனக்குத்தான். மீதி இருக்கிற வகுப்புகளுக்கும் இரண்டு பாதியும் உன் அறைக்கே வரட்டும்."

எல்லோரும் போன பிறகு செலின் லேபுக்குத் திரும்பினாள். இளவரசி கணினிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"வாழ்த்துகள்ங்க்கா."

"கோவமா?"

"இல்லைன்னு சொன்னாப் பொய்யிங்க. பாத்ரூமுக்குப் போயி ஒரு பாட்டம் அழுதுட்டுத்தான் வந்தேன்." அடுத்த கணினியை அணைத்தாள். "நீங்க முன்னாடியே இழுத்துப் பாத்துட்டீங்க, இல்லீங்களா?"

"ஆமா."

"எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமுங்க."

"சொல்லியிருக்கலாம். சொல்லத் தோணுச்சு. வேணும்னேதான் சொல்லல."

இளவரசி தலையை ஆட்டினாள், ஏதோ ஒரு எண் சரியாக வந்துவிட்டது என்பது போல.

"அந்தப் புள்ளி..." என்றாள் செலின். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"வந்த மொத வாரமே தெரியுமுங்க. ஒரு நாள் சீக்கிரமா வந்துட்டேன். கதவு சாத்தியிருந்துச்சு, கண்ணாடி வழியாப் பாத்தா நீங்க போர்டை ஒட்டி நின்னு, மூச்சுக்கூட விடாம, ஒவ்வொண்ணா வெச்சுட்டிருந்தீங்க. அதைப் பாத்துத்தான் எனக்கு இந்த ஷீட்டே தோணுச்சு. நீங்க மறைச்சு வெக்கற புள்ளிக்கு நான் கலர் போட்டேன், அவ்வளவுதானுங்க."

"அப்புறமும் எதுக்குக் கடைசி பெஞ்சுல வந்து ஒக்காந்த?"

"தெரிஞ்சாலும் பாக்க நல்லா இருந்துச்சுங்க."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"மேஜிக் காட்டறவங்க கையைப் பாத்துட்டா, பக்கத்துல இருக்கறவங்ககிட்டயா சொல்லுவாங்க?"

இத்தனை நாள் இளவரசியைப் பார்த்து செலின் எதற்கெல்லாமோ பொறாமைப்பட்டிருந்தாள். ஏசிக்கு, சிரிப்புக்கு, வயசுக்கு, ஸ்நேஹாவுக்கு. இப்போது புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. ஒருத்தியின் ரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கொண்டு அவளை வீழ்த்தாமல் இருக்க முடிகிற மனசு. அது தனக்கு ஏன் வாய்க்கவில்லை? அந்த எரிச்சலோடுதான் மெட்ரோவில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனாள். தானியேல் "பேப்பர் கிடைச்சுதா?" என்று கேட்டான். "கிடைச்சுது" என்றாள். "பொறவு ஏன் பறிகொடுத்த மாதிரி இருக்க?" என்றபோது அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த வகுப்பு நாளில் வழக்கம்போல முன்னதாகவே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சாக்பீஸை எடுத்தாள். தொட்டும் தொடாமலும் முதல் புள்ளியை வைத்தாள். பிறகு அதையே அழுத்தித் தேய்த்துப் பட்டாணி அளவுக்குப் பெரிதாக்கினாள். அடுத்ததையும் அப்படியே. மூன்றாவதை வைத்ததும் நிறுத்திவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

அறை நிரம்பியது. இரண்டு பாதியும் வந்திருந்தது, சன்னல் திட்டில்கூட ஆட்கள். ஸ்நேஹா முதல் பெஞ்சில் உட்கார்ந்ததும் பலகையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"மேம், இது என்ன டாட்?"

"கோடு போடுவதற்கு முன்னால் நான் வைக்கிற புள்ளிகள். எப்போதும் வைப்பேன். உங்களுக்குத் தெரியாமல் வைப்பேன்."

"எப்போதுமா?" வகுப்பில் ஒரு சலசலப்பு ஓடியது. ஸ்நேஹா வாயைப் பிளந்தாள். "சீட்டிங், மேம்!"

"கணக்கு" என்றாள் செலின். "மூன்று வைத்துவிட்டேன். நாலாவது எங்கே வரும்? ஸ்நேஹா, லேபுக்குப் போய் இளவரசி மேமைக் கூட்டிக்கொண்டு வா. லேப்டாப்போடு வரச் சொல். ஜல்தி."

இளவரசி வந்து வாசலில் தயங்கி நின்றாள். அவளைப் பார்த்ததும் வகுப்பு முழுதும் ஒரு மலர்ச்சி. சன்னல் திட்டில் இருந்தவன் விசிலடித்தான். செலினுக்குச் சுருக்கென்றது. தனக்கு ஒருநாளும் யாரும் விசிலடித்ததில்லை.

"உள்ள வா," என்று தமிழில் சொன்னாள். "நாலாவது புள்ளி எவ்வளவுன்னு ஒன் ஷீட்டுல பாத்து, நீயே வை."

"நானுங்களா? எனக்குப் போர்டுல கை வராதுங்க்கா."

வகுப்பு முன்னாலேயே 'அக்கா' என்றுவிட்டாள். அது அவளுக்கே தெரியவில்லை. செலினும் திருத்தவில்லை. சாக்பீஸை நீட்டினாள்.

இளவரசி மடிக்கணினியில் எண்ணைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, கணக்குப் பார்த்து, கையை உயர்த்திப் புள்ளியை வைத்தாள். வைத்துவிட்டு எட்டி நின்று பார்த்தாள்.

ஒரு விரல் கனம் மேலே போய்விட்டது.

செலின் டஸ்டரை எடுத்தாள். அவசரப்படவில்லை. அந்தப் புள்ளியைச் சுத்தமாக அழித்தாள், சாக்பீஸை இளவரசியின் கையிலிருந்து வாங்கினாள், சரியான இடத்தில் வைத்தாள்.

"இங்க," என்றாள். குரலில் சந்தோஷத்தை எவ்வளவு அடக்கியும் முடியவில்லை.